வாசகர் கேள்வி – பதில்: சோலார் ஹீட்டரில் கண்ணாடி ட்யூப் மாட்டப் போகிறீர்களா?

சோலார் வாட்டர் ஹீட்டரைப் பற்றிக் கேள்வி அனுப்பச் சொன்னதும் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே பொருளைச் சுற்றித்தான் இருந்தன. கண்ணாடி ட்யூப்பை எப்படி மாட்டுவது, அது ஏன் உடைகிறது, ஏன் ஒழுகுகிறது. அதனால் இந்த முறை முழுப் பகுதியும் அதற்கே. ட்யூப் என்று நான் எழுதுவது கண்ணாடியை மட்டும்தான். தண்ணீர் வரும், போகும் குழாய்களை பைப் என்றே எழுதுகிறேன், குழப்பம் வராமல் இருக்கட்டும்.

கேள்வி: 200 லிட்டர் டேங்க், 20 ட்யூப் உள்ள செட் வாங்கினோம். ஸ்டாண்டையும் டேங்கையும் மாடியில் ஏற்றி வைத்துவிட்டுப் போன ஆள் இரண்டு வாரமாகத் திரும்பி வரவில்லை. ட்யூப் எல்லாம் அட்டைப் பெட்டியிலேயே கிடக்கிறது. நானும் என் மகனும் சேர்ந்து மாட்டிவிடலாமா?

பதில்: மாட்டலாம். இரண்டு பேர் இருந்தால் ஒரு காலைப் பொழுதில் முடிகிற வேலைதான். ஆனால் பெட்டியைப் பிரிக்கும் முன், கையில் எடுக்கப்போவது என்ன பொருள் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

அது ஒரு நீளமான பிளாஸ்க். 1892-இல் ஜேம்ஸ் டீவார் செய்த அதே இரட்டைச் சுவர் வித்தைதான். ஒரு கண்ணாடிக் குழலுக்குள் இன்னொரு கண்ணாடிக் குழல், இரண்டும் வாய்ப்பக்கம் ஒட்டி உருகி ஒன்றாகியிருக்கும், நடுவில் இருந்த காற்று முழுவதும் உறிஞ்சப்பட்டிருக்கும். பரவலாகப் புழங்கும் அளவில் வெளிக்குழல் 58 மில்லிமீட்டர், உள்குழல் 47 மில்லிமீட்டர், நீளம் 1800 மில்லிமீட்டர். உள்குழலின் வெளிப்புறத்தில்தான் அந்தக் கருநீலப் பூச்சு. அது வெயிலை 90 சதவீதத்துக்கு மேல் வாங்கிக்கொள்ளும், வாங்கிய வெப்பத்தைத் திரும்ப வெளியே விடுவதோ மிகக் கொஞ்சம். வெற்றிடத்தைத் தாண்டி வெப்பம் வெளியே வர வழியில்லாததால், தண்ணீர் இல்லாத வெறும் ட்யூப்பை நல்ல வெயிலில் போட்டால் உள்ளே 200 டிகிரியைத் தாண்டிவிடும். அப்போதும் வெளியே தொட்டுப் பார்த்தால் சில்லென்றுதான் இருக்கும். கை பொய் சொல்லும் இடம் இது. கீழே நான் சொல்லும் பாதி எச்சரிக்கைகள் இந்த ஒரு விஷயத்திலிருந்து வருபவை.

ஆகவே முதல் காரியம், ட்யூப்பை மாட்டுகிற நிமிடம் வரை பெட்டியிலேயே நிழலில் வைத்திருங்கள். எல்லாவற்றையும் எடுத்து வரிசையாகத் தரையில் பரப்பி வைத்துவிட்டு வேலையைத் தொடங்குவது பார்க்க அழகாக இருக்கும், ஆனால் செய்ய வேண்டாம். விடிந்ததும் தொடங்குங்கள், இல்லையென்றால் மாலையில் வெயில் இறங்கிய பிறகு. கண்ணுக்குக் கண்ணாடி, கைக்குத் தடித்த கையுறை, காலுக்கு ஷூ. ட்யூப் உடைந்தால் சாதாரண டம்ளர் மாதிரி உடையாது, உள்ளே வெற்றிடம் இருப்பதால் சில்லு தெறிக்கும்.

அடுத்து ஸ்டாண்ட். இதைத்தான் பலர் பார்ப்பதே இல்லை. டேங்கில் இருக்கும் துளைகளும் கீழ்ச் சட்டத்தில் இருக்கும் பிளாஸ்டிக் கப்புகளும் நேருக்கு நேர் இருக்க வேண்டும். அளவு டேப்பை எடுத்து மேல் இடது மூலையிலிருந்து கீழ் வலது மூலைக்கு ஒரு அளவு, மேல் வலதிலிருந்து கீழ் இடதுக்கு ஒரு அளவு எடுங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் சட்டம் நேராக நிற்கிறது. ஒரு சென்டிமீட்டர் வித்தியாசம் இருந்தாலும் சட்டம் சாய்ந்திருக்கிறது என்று பொருள், எல்லா ட்யூப்பும் சாய்வாகத்தான் உட்காரும், அப்புறம் ரிங் ஒழுகும், நீங்கள் ரிங்கைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள். டேங்கைப் பிடிக்கும் போல்ட்டுகளை இப்போதே முழுவதும் முறுக்க வேண்டாம், கையால் பிடித்த அளவில் விடுங்கள்.

டேங்கின் ஒவ்வொரு துளைக்குள்ளும் ஒரு சிலிக்கான் ரிங் இருக்கும். விரலை விட்டு ஒரு சுற்று தடவிப் பாருங்கள். எங்காவது மடிந்திருந்தாலோ, இரும்புத் தூள், தெர்மோகோல் துணுக்கு ஒட்டியிருந்தாலோ விரலுக்கே தெரிந்துவிடும். 20 துளைக்கும் இதைச் செய்யுங்கள். பத்து நிமிடம் ஆகும், அந்தப் பத்து நிமிடத்தை விட்டால் பின்னால் ஒரு நாள் போகும்.

சரி, இப்போது ட்யூப். பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்து அடிப்பக்கத்தைப் பாருங்கள், வெள்ளிக் கண்ணாடி போல் பளபளக்க வேண்டும். அந்த அடி நுனியில் சின்ன மூக்கு மாதிரி நீட்டிக்கொண்டிருப்பது காற்றை உறிஞ்சியபின் மூடிய இடம், ட்யூப்பிலேயே பலவீனமான இடம் அதுதான். அதைத் தரையில் ஊன்றி நிறுத்தவே கூடாது. வாய்ப்பக்கத்திலிருந்து தூசி ரிங்கை, வெளியே தெரியும் அந்தக் கறுப்பு ரப்பரைச் சொல்கிறேன், மாட்டி ஒரு சாண் கீழே தள்ளிக்கொள்ளுங்கள். வாய்ப்பக்க வெளிப்புறத்தைச் சோப்புத் தண்ணீரில் நன்றாக நனையுங்கள். எண்ணெய், கிரீஸ், வாஸலின் எதுவும் ஆகாது. பெட்ரோலிய எண்ணெய் பட்டால் சிலிக்கான் ரப்பர் ஊதிப்போய் உரம் இழக்கும். சோப்புத் தண்ணீர் போதும், அது பின்னால் கழுவிப் போய்விடும்.

முதலில் இடக்கோடியில் ஒன்று, வலக்கோடியில் ஒன்று. இந்த இரண்டைத்தான் முதலில் மாட்ட வேண்டும். இரண்டு கையாலும் பிடித்து, ஒரே திசையில் மெதுவாகத் திருகிக்கொண்டே மேல் நோக்கி நுழையுங்கள். குத்தித் தள்ளினால் ரிங் உள்பக்கமாக மடிந்துவிடும், திருகினால் அது ட்யூப்போடு வழுக்கிக்கொண்டு வழி விடும். ரிங்கைத் தாண்டும்போது கையில் ஒரு சின்ன இறுக்கம் வந்து பிறகு தளர்வது தெரியும். இன்னும் கொஞ்சம் மேலே தள்ளினால் அடிப்பக்கம் கீழ்க் கப்பைத் தாண்டி உயரும். இப்போது கப்புக்கு நேராகக் கொண்டுவந்து, அதே போல் திருகிக்கொண்டே கீழே இறக்கி உட்கார வையுங்கள். உட்கார்ந்த பிறகும் வாய்ப்பக்கம் டேங்கின் உள்ளே, ரிங்கைத் தாண்டி, ஓரிரு அங்குலமாவது இருக்க வேண்டும். முதல் ட்யூப்பில் டேங்கின் ஓரத்துக்கு நேராக ஒரு டேப் துண்டை ஒட்டி, அந்த அளவை மற்ற ட்யூப்களிலும் குறித்துக்கொண்டால் ஒவ்வொன்றும் எவ்வளவு உள்ளே போயிருக்கிறது என்று தடவிப் பார்க்கவே வேண்டாம்.

கோடி ட்யூப் இரண்டும் நெருடல் இல்லாமல் கப்பில் உட்கார்ந்துவிட்டால் டேங்க் சரியான கோணத்தில் இருக்கிறது. இப்போது போல்ட்டுகளை முறுக்குங்கள். மீதி 18-ம் அதே மாதிரிதான், ஒருவர் ட்யூப்பைத் திருக, இன்னொருவர் கீழ் நுனியைக் கப்புக்கு வழிகாட்டினால் போதும். திருகு வகைக் கப்பாக இருந்தால் கை இறுக்கத்தோடு நிறுத்துங்கள், ஸ்பானர் வேண்டாம். கடைசியில் தூசி ரிங்குகளை மேலே தள்ளி டேங்கோடு ஒட்டவைத்துவிட்டு, முழு வரிசையையும் தடித்த துணியாலோ அட்டையாலோ மூடுங்கள்.

தண்ணீர் விடுவது அன்று மாலையிலோ மறுநாள் விடியற்காலையிலோ. வால்வைக் கொஞ்சமாகத் திறந்து, டேங்கின் மேல் வாய் திறந்து நிற்கும் காற்றுப் பைப் வழியாகத் தண்ணீர் எட்டிப் பார்க்கும் வரை காத்திருங்கள். நேரம் பிடிக்கும், ஏனென்றால் டேங்க் மட்டும் 200 லிட்டர் இல்லை, ஒவ்வொரு ட்யூப்பும் 2.7 லிட்டர் அளவுக்குக் குடிக்கும், 20 ட்யூப்புக்கு 54 லிட்டர். கண்ணாடி, டேங்க், ஸ்டாண்ட் எல்லாம் சேர்த்தால் 300 கிலோவுக்கு மேல் மாடியில் ஒரே இடத்தில் நிற்கப் போகிறது, அதை நினைவில் வைத்து ஸ்டாண்டின் கால்களைத் தளத்தோடு போல்ட் அடித்துப் பிடியுங்கள். நிரம்பியதும் ஒவ்வொரு ரிங்கையும் உலர்ந்த விரலால் தொட்டுப் பாருங்கள். ஈரம் இல்லையென்றால் துணியை எடுத்துவிடலாம். முதல் நாளே சூடான தண்ணீரை எதிர்பார்க்க வேண்டாம், மொத்தத் தண்ணீரும் ஏற இரண்டு நல்ல வெயில் நாட்கள் கொடுங்கள்.

கேள்வி: எங்கள் வீட்டில் ட்யூப் மாட்டிய அன்றே மூன்று ட்யூப் ‘டப் டப்’ என்று உடைந்தன. மாட்டியவர், ட்யூப் தயாரிப்புக் கோளாறு என்கிறார். விற்றவர், மாட்டியவர் மேல் பழி போடுகிறார். யார் சொல்வது சரி?

பதில்: ஒரு கேள்விக்கு நீங்களே பதில் சொல்லிப் பாருங்கள், தண்ணீர் திறந்துவிட்டபோது மணி என்ன? பதினொன்றிலிருந்து மூன்றுக்குள் என்றால் பெரும்பாலும் ட்யூப் மேல் தவறு இல்லை.

இதை நானே செய்திருக்கிறேன். இந்த வேலைக்கு வந்த புதிதில், காலை பத்து மணிக்கு ட்யூப் எல்லாவற்றையும் மாட்டி முடித்துவிட்டேன். பைப் இணைப்புக்கு ஒரு எல்போ குறைந்தது, வாங்கிவர ஆள் போய்த் திரும்ப ஒரு மணி ஆகிவிட்டது. ட்யூப்பை ஒரு தடவை தொட்டுப் பார்த்தேன், குளிர்ச்சியாக இருந்தது, சரி என்று வால்வைத் திறந்தேன். அரை நிமிடம் சத்தமே இல்லை. அப்புறம் டேங்கின் உள்ளிருந்து தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்த மாதிரி ஒரு சீறல், காற்றுப் பைப்பிலிருந்து ஆவி, உடனே வரிசையின் நடுவில் ‘ணங்’. ஒன்றன்பின் ஒன்றாக நான்கு. நான்கிலும் உள்குழல் அடிப்பகுதியில்தான் பிளந்திருந்தது, தண்ணீர் முதலில் போய் விழும் இடம் அதுதானே. அந்த வீட்டம்மா ஒரு வார்த்தை சொல்லவில்லை, துடைப்பத்தை எடுத்து வந்து கொடுத்தார். அன்றிலிருந்து ட்யூப் மாட்டப் போனால் என் பையில் முதலில் போவது ஒரு பழைய கம்பளி.

நடந்தது இதுதான். ட்யூப் செய்வது போரோசிலிகேட் கண்ணாடியில். ஒரு டிகிரி சூட்டுக்கு அது பத்து லட்சத்தில் 3.3 பங்குதான் விரியும், ஜன்னல் கண்ணாடி 9 பங்கு விரியும். அதனால்தான் ஆய்வகப் பாத்திரங்களுக்கும் இதே கண்ணாடி. ஆனால் அதற்கும் எல்லை உண்டு. 200 டிகிரியில் இருக்கும் உள்குழலின் உள்பரப்பில் பச்சைத் தண்ணீர் பட்டதும் அந்தப் பரப்பு மட்டும் சட்டென்று சுருங்கப் பார்க்கிறது, பின்னால் இருக்கும் கண்ணாடி இன்னும் விரிந்த நிலையிலேயே இருக்கிறது, இழுவை தாங்காமல் பிளக்கிறது. எங்காவது ஒரு கீறல் இருந்தால் இன்னும் சீக்கிரம்.

காலை ஆறு மணிக்குத் தண்ணீர் விட்டும் உடைந்தது, அல்லது ஒரு வாரம் ஓடிய பிறகு தானாக உடைந்தது என்றால் கதை வேறு. அப்போது கீழ்க் கப் இறுக்கமா, மூக்கு இடிபட்டதா, ஸ்டாண்ட் முறுக்கிக்கொண்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஏற்றி இறக்கும்போது தட்டுப்பட்ட ட்யூப்பும் சில நாள் கழித்துத்தான் போகும்.

கேள்வி: ஒரு ட்யூப்பின் அடியில் மட்டும் வெள்ளி நிறம் போய்ப் பால் மாதிரி வெண்மையாகிவிட்டது. அழுக்கா? துடைத்தால் போகுமா?

பதில்: போகாது, அது உள்ளே இருக்கிறது. அந்த வெள்ளிப் பூச்சு பேரியம் என்ற உலோகம். வெற்றிடத்தில் மிச்சம் மீதி இருக்கும் வாயுவைப் பிடித்து வைக்கத்தான் அதைப் பூசுகிறார்கள். வெளிக்காற்று புகுந்ததும் ஆக்சிஜனோடு சேர்ந்து வெளுத்துவிடும். வெளுத்தால் வெற்றிடம் போய்விட்டது, அந்த ட்யூப் இனி சாதாரண இரட்டைக் கண்ணாடிதான். தண்ணீர் ஒழுகாது, அதனால் அவசரம் இல்லை, ஆனால் பகலில் சேர்க்கும் சூட்டை இரவில் அது விட்டுக்கொண்டே இருக்கும்.

வெள்ளி தெரியாதபடி கப் மூடியிருந்தால் வேறு வழி உண்டு. பனி இறங்கிய விடியற்காலையில் மாடிக்குப் போய்ப் பாருங்கள். நல்ல ட்யூப்கள் மேல் பனித்துளி முத்து முத்தாக நிற்கும், ஏனென்றால் உள்ளே இருக்கும் சூடு வெளிக்கண்ணாடிக்கு வரவே இல்லை. கெட்டுப்போனது மட்டும் உலர்ந்து, தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கும். எந்தக் கருவியும் வேண்டாம்.

கேள்வி: ட்யூப் டேங்கில் சேரும் இடத்தில் சொட்டுச் சொட்டாக ஒழுகுகிறது. சுற்றிலும் சிலிக்கான் பேஸ்ட் வைத்து அடைக்கலாமா?

பதில்: தயவுசெய்து வேண்டாம். பேஸ்ட் வைத்தால் இரண்டு நாள் நிற்கும், பிறகு வெப்பத்தில் ட்யூப் விரிந்து சுருங்கும்போது விட்டுவிடும். அதைவிடக் கெடுதல், அடுத்த தடவை அந்த ட்யூப்பை முழுதாக வெளியே எடுக்கவே முடியாது, உடைத்துத்தான் எடுக்க வேண்டும்.

ஒழுகுவதற்குக் காரணம் ரிங் மடிந்திருப்பது, இடையில் துணுக்கு மாட்டியிருப்பது, அல்லது ட்யூப் சாய்ந்திருப்பது. டேங்கில் தண்ணீரை வடித்துவிட்டு ட்யூப்பைக் கழற்றி, ரிங்கை வெளியே எடுத்துக் கழுவி, விளிம்பு துளையின் தகட்டைச் சுற்றிலும் சமமாகக் கவ்வும்படி மறுபடி உட்கார வையுங்கள். வெயிலில் பல வருடம் வெந்த ரிங் என்றால் புதிதாகவே போட்டுவிடுங்கள். அடுத்தடுத்து மூன்று நான்கு ட்யூப் ஒழுகினால் ரிங்கைத் தொட வேண்டாம், சட்டத்தின் மூலைவிட்ட அளவை எடுங்கள்.

கேள்வி: குளியலறையில் தண்ணீர் வேகம் போதவில்லை. குளிர்ந்த தண்ணீர் லைனில் பிரஷர் பம்ப் போடலாம் என்கிறார் பிளம்பர். ட்யூப் தாங்குமா?

பதில்: உங்கள் டேங்கின் மேல் திறந்த காற்றுப் பைப் ஒன்று நிற்கிறதென்றால் அது அழுத்தம் இல்லாத வகை. அதில் பம்ப் போடவே கூடாது. கணக்குப் போட்டுப் பாருங்கள். ட்யூப்பின் குறுக்குப் பரப்பு சுமார் 26 சதுர சென்டிமீட்டர். ஹீட்டருக்குத் தண்ணீர் தரும் மேல் தொட்டியின் தண்ணீர் மட்டம் ட்யூப்பின் வாயிலிருந்து இரண்டு மீட்டர் உயரத்தில் இருந்தால் ஒவ்வொரு ட்யூப்பையும் கீழே தள்ளும் விசை ஐந்து கிலோ எடைக்குச் சமம், ரிங்கும் கப்பும் தாராளமாகத் தாங்கும். பம்ப் இரண்டு பார் அழுத்தம் கொடுத்தால் அதே விசை 50 கிலோவைத் தாண்டும். ஒரு ஆள் ஏறி நிற்கிற மாதிரி, ஒவ்வொரு ட்யூப் மேலும்.

சிலர் பம்ப் போட்டதும் காற்றுப் பைப்பில் தண்ணீர் வழிகிறதே என்று அதை மூடியும் விடுகிறார்கள். அது இன்னும் ஆபத்து. ஆவி வெளியேற அது ஒன்றுதான் வழி, அதை மூடினால் டேங்கே பிளக்கலாம். வேகம் வேண்டும் என்றால் சூடான தண்ணீர் வெளியே வரும் லைனில், அதற்கென்றே உள்ள பம்ப்பை வைக்கலாம், டேங்குக்குள் அழுத்தம் ஏறாது. இல்லையென்றால் அழுத்தம் தாங்கும் ஹீட் பைப் வகைக்கு மாறுங்கள்.

கேள்வி: ஹீட் பைப் வகை என்கிறீர்களே, அது என்ன? மாட்டும் முறை வேறா?

பதில்: அதில் ட்யூப்புக்குள் தண்ணீர் போவதே இல்லை. ஒரு செம்புக் குழாய், உள்ளே துளி திரவம், காற்று நீக்கி மூடப்பட்டிருக்கும். அழுத்தம் குறைவு என்பதால் அந்தத் திரவம் இளஞ்சூட்டிலேயே கொதித்து ஆவியாகி, மேலே இருக்கும் குமிழுக்குப் போய், டேங்குக்கோ ஹெடருக்கோ (ட்யூப்களின் மேல்முனையில் குறுக்கே ஓடும் தண்ணீர் பைப்) சூட்டைக் கொடுத்துவிட்டுத் துளியாகிக் கீழே வழிந்து வரும். அது வழிந்து இறங்க வேண்டும் என்பதால் ட்யூப்பைப் படுக்க வைத்து மாட்ட முடியாது, குறைந்தது 20 டிகிரியாவது சாய்வு வேண்டும், குமிழ் மேலே இருக்க வேண்டும்.

மாட்டும்போது குமிழில் வெப்பப் பேஸ்ட்டை மெல்லிய பூச்சாகத் தடவி, குமிழ் தன் உறையின் அடி வரை போய் முட்டும்படி அழுத்த வேண்டும். அரைகுறையாக நின்றால் ட்யூப் நன்றாக இருந்தும் தண்ணீர் சூடாகாது, இந்த வகையில் நான் அதிகம் பார்க்கும் குறை இதுதான். இங்கே ட்யூப் உடைந்தாலும் தண்ணீர் கொட்டாது, தண்ணீரை வடிக்காமலே மாற்றலாம். ஆனால் ட்யூப்பைச் சில நிமிடம் வெயிலில் காட்டி வைத்துவிட்டுச் செம்புக் குமிழை வெறுங்கையால் தொட்டால் உடனே தோல் வெந்துவிடும். கண்ணாடி குளிர்ச்சியாகத்தான் இருக்கும். அதே ஏமாற்று வேலை.

கேள்வி: 200 லிட்டர் டேங்குக்கு 15 ட்யூப், 20 ட்யூப் என்று இரண்டு விதமாகச் சொல்கிறார்கள். அப்புறம் கூட்டிக்கொள்ளலாமா?

பதில்: கூட்ட முடியாது, டேங்கில் எத்தனை துளையோ அத்தனைதான். அதனால் முதலிலேயே கணக்குப் பாருங்கள். 100 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 60-க்குக் கொண்டுபோக ஏறத்தாழ 4 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான வெப்பம் வேண்டும். 1800 மில்லிமீட்டர் ட்யூப் ஒன்று நல்ல வெயில் நாளில் தோராயமாகக் கால் யூனிட் சேர்க்கும். ஆக 15 ட்யூப் ஒரே நாளில் 200 லிட்டரை 16 டிகிரி ஏற்றும், 20 ட்யூப் 21 டிகிரி ஏற்றும். நேற்று மிஞ்சிய சூடு டேங்கில் இருக்கும் என்பதால் நடைமுறையில் இதைவிட நன்றாகவே வரும், ஆனாலும் தினமும் டேங்கைக் காலி செய்கிற பெரிய குடும்பம் என்றால் 20 ட்யூப் உள்ளதையே வாங்குங்கள். இரண்டு பேர் மட்டும் இருக்கும் வீட்டில் 200 லிட்டரே தேவையில்லை, சின்ன டேங்க் வாங்குங்கள்.

கேள்வி: எங்கள் தண்ணீர் ரொம்ப உப்பு. வருடா வருடம் ட்யூப்பைக் கழற்றிக் கழுவ வேண்டுமா?

பதில்: உப்பு என்று நாம் சொல்வதில் ட்யூப்புக்குத் தொல்லை தருவது சுண்ணாம்பு. சர்க்கரை சூட்டில் அதிகம் கரையும், சுண்ணாம்பு நேர்மாறு, சூடு ஏற ஏறப் பிரிந்து படியும். படிந்தது ட்யூப்பின் அடியில் போய்ச் சேரும். வருடம் ஒரு முறை ஒரே ஒரு ட்யூப்பைக் கழற்றிப் பாருங்கள். அடியில் ஒரு கை அளவுக்கு வெள்ளைத் தூள் இருந்தால் எல்லாவற்றையும் கழற்ற வேண்டியதுதான், இல்லையென்றால் மூடிவிட்டு அடுத்த வருடம் பாருங்கள்.

கழற்றும் முந்தைய இரவே சூடான தண்ணீரை எல்லாம் திறந்து விட்டுவிடுங்கள், மறுநாள் விடியலில் டேங்கை வடியுங்கள். டேங்க் வடிந்தாலும் ட்யூப் வடியாது, அதன் வாய் மேலே அல்லவா இருக்கிறது. ட்யூப்பை மேலே தள்ளிக் கப்பிலிருந்து விடுவித்துக் கீழே இழுக்கும்போது கண்ணாடியும் தண்ணீருமாக நாலைந்து கிலோ, அதுவும் ஈர வழுக்கலோடு, கைக்கு வரும். ஒரு கை அடியில் இருக்கட்டும். உள்ளே வினிகரோ சிட்ரிக் அமிலக் கரைசலோ ஊற்றி ஊறவைத்து, நீளமான மென்மையான பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவலாம். கம்பியோ கல்லோ உள்ளே போகவே கூடாது, ஒரு கீறல் போதும்.

கேள்வி: இரண்டு மாதம் ஊரில் இருக்க மாட்டோம். டேங்கை வடித்துவிட்டுப் போவது நல்லதா?

பதில்: வடிக்கவும் வேண்டாம், வால்வை மூடவும் வேண்டாம். நிரம்பிய நிலையிலேயே விட்டுவிட்டு, ட்யூப்கள் மேல் வெயில் படாதபடி தடித்த துணியால் மூடி, காற்று தூக்காமல் நாலு பக்கமும் கட்டிவிட்டுப் போங்கள்.

மூடாமல் போனால் என்ன ஆகும் என்று சொல்கிறேன். யாரும் எடுக்காத தண்ணீர் நாளுக்கு நாள் சூடேறிக் கொதிநிலைக்கு வரும், ஆவி காற்றுப் பைப் வழியே போய்க்கொண்டே இருக்கும். மேல் தொட்டியில் தண்ணீர் இருக்கும் வரை அது ஈடுகட்டும். தொட்டி காலியாகிவிட்டாலோ, நீங்கள் வால்வை மூடியிருந்தாலோ, முதலில் டேங்க் குறையும், பிறகு ட்யூப்பில் இருப்பதும் கொதித்துப் போகும். ஊரிலிருந்து மதியம் வந்து இறங்கி, களைப்பில் முதல் வேலையாக மோட்டாரைப் போடுவீர்கள். மேலே சொன்ன என் நான்கு ட்யூப்புக்கு நடந்தது உங்கள் இருபதுக்கும் நடக்கும்.

ஒருவேளை மூட மறந்துபோய்த் திரும்பி வந்திருந்தால், மோட்டாரைத் தொடும் முன் மாடிக்குப் போய் ஹீட்டருக்குப் போகும் வால்வை மூடுங்கள். ட்யூப்பைத் தொட்டுப் பார்த்து எதையும் முடிவு செய்ய வேண்டாம். போர்வையால் மூடிவிட்டு இறங்கி வாருங்கள். மறுநாள் விடிவதற்கு முன் வால்வைக் கொஞ்சமாகத் திறந்து, காற்றுப் பைப்பில் தண்ணீர் எட்டிப் பார்த்த பிறகு போர்வையை எடுங்கள்.